பெத்கெலர்ட்டில் ஒரு வாரம்

வேல்ஸ் நாட்டு மலையூராகிய பெத்கெலர்ட்டில் குடிலொன்றை வாடகைக்கு அமர்த்தி ஒரு வாரம் தங்கினோம். அடுப்பும் பாத்திரமும் அவர்களுடையவை. அரிசியும் பருப்பும் சமையலும் எங்களுடையவை.

மாலையில் கிளாஸ்லின் ஆற்றங்கரையில் கெலர்ட் என்னும் நாயின் கல்லறையைக் கண்டோம். குழந்தையைக் காத்த நாயை, கொன்றதென்று ஐயுற்று அரசன் வெட்டினானாம். நம் கீரிப்பிள்ளைக் கதையேதான்! பயணிகளை ஈர்க்க, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விடுதிக்காரர் ஒருவர் எழுப்பிய கல்லறை அது என்பர்.

பயணிகளும் வந்தனர். வீடுகள் பல விடுமுறைக் குடில்களாயின. உள்ளூர் இளைஞர்க்கு வீடு அரிதாயிற்று. வேல்ஸ் மொழிக்கும் அதனால் கேடென்று அஞ்சுகின்றனர். 2023 முதல் அங்குள்ள உள்ளாட்சி மன்றங்கள் இரண்டாம் வீடுகளுக்கு 300 விழுக்காடு வரை கூடுதல் வரி விதிக்கலாம்.

அடுப்பை அணைத்துச் சாவியைத் திருப்பித் தந்தபோது, அதைச் சுற்றி முன்பு எக்குடும்பம் அமர்ந்து உண்டதோ என்றெண்ணினோம்.