கடலுக்கும் வேண்டும் சாலை விதி



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரக் குடும்பங்கள் பாயும் சோற்றுப் பொட்டலமுமாகப் போர்ட்டிக்சனுக்குக் கிளம்புவது வழக்கம். பெரியவர்கள் மர நிழலில் அமர்ந்திருக்க, பிள்ளைகள் இடுப்பளவு நீரில் ஆட்டம் போடுவார்கள். அதே கடலில்தான் வாழைப்படகும் ஜெட் ஸ்கீயும் சீறிப் பாய்கின்றன. இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு இல்லையென்றால் என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஜெட் ஸ்கீ ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டரைக் கடக்கும். 50 மீட்டர் தொலைவில் அலைக்கு நடுவே ஒரு பிள்ளையின் தலை தெரிந்தால், ஓட்டுபவருக்குக் கிடைப்பது மூன்றே விநாடிதான்.

அந்த மூன்று விநாடியில் பழக்கமில்லாதவர் பயந்துபோய் விசைப்பிடியை விட்டுவிடுவார். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் வேகத்தால்தான் ஜெட் ஸ்கீ திரும்புகிறது. பீய்ச்சுவது நின்றால், கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் பெரும்பாலான ஜெட் ஸ்கீகள் நேராகவே போகும். கரையில் ஓரிரு நிமிட விளக்கம் கேட்டுவிட்டு ஏறுபவருக்கு இது எப்படித் தெரியும்?

சட்டமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால், பொறுப்பு பலர் கையில் பிரிந்து கிடக்கிறது. கடற்கரை ஊராட்சி மன்றத்தின் பார்வையில், படகு கடல்துறை இலாகாவின் பார்வையில். கடலில் ரோந்து போவது கடல் போலீசும், 2005 முதல் கடல்சார் அமலாக்க நிறுவனமும். இவர்கள் ஒன்றுகூடிச் செயல்படாவிட்டால் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

பிரிட்டனும் இதில் தடுமாறிய நாடுதான். ஜெட் ஸ்கீ கப்பல் சட்டத்தில் அடங்காது என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. அந்த ஓட்டையை அடைக்க 2023 வரை ஆயிற்று. இப்போது ஆபத்தாக ஓட்டுபவருக்கு அங்கே ஈராண்டு வரை சிறை.

நம் நாட்டில், 2025 ஜூன் 28 இரவு பெர்ஹெந்தியான் தீவுக் கடலில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து மூவர் மாண்டனர். அவர்களில் இருவர் பிள்ளைகள். பயணிகளுக்கு லைஃப் ஜாக்கெட் தரப்படவில்லை என்று போலீஸ் தெரிவித்தது. அந்தப் பெற்ற வயிற்றின் வேதனைக்கு யார் மருந்து போடுவது?

கடுமையான விதி வந்தால் படகு ஓட்டிப் பிழைப்பவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால், ஒரு விபத்து நடந்தால் அந்தக் கடற்கரைக்கே கூட்டம் வராது. ஒழுங்காகத் தொழில் செய்பவருக்கும் சேர்த்துத்தான் நட்டம். 1973-இல் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசம் கட்டாயமானது. அதனால் மோட்டார் சைக்கிள் வியாபாரம் படுத்துவிட்டதா?

செய்ய வேண்டியவை மூன்று. குளிக்கும் பகுதியை மிதவைக் கயிற்றால் பிரிக்க வேண்டும். பயிற்சி பெறாதவரிடமும் வயது குறைந்தவரிடமும் ஜெட் ஸ்கீயைக் கொடுக்கக் கூடாது. ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு உடலில் மாட்டப்பட்டதா, லைஃப் ஜாக்கெட் சரியாகக் கட்டப்பட்டதா என்று பார்த்த பிறகே படகு நகர வேண்டும்.

பெற்றோர்களே, ஜாக்கெட் இல்லாத படகில் பிள்ளையை ஏற்றாதீர்கள். கொடுத்த பணம் போனாலும் பரவாயில்லை, இறங்கிவிடுங்கள். வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை.