கிணற்று நீரும் ஆய்வுகூடத்தின் தகுதியும்



பண்டத்தரிப்பைச் சூழ்ந்த தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவது கிணற்று நீரால். அங்குள்ள மக்கள் குடிப்பதும் சமைப்பதும் அந்த நீரையே. பெருநதி எதுவும் பாயாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், மாரியிற் பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளுக்கூடாக இறங்கித் தங்கி நிற்பதே ஆண்டு முழுவதற்குமான செல்வம். அச்செல்வம் கெட்டுவிட்டதா இல்லையா என்பதை நமக்கு அறிவிப்பவர் யார்? அறிவிப்பவரின் சொல்லை நாம் எதனைக்கொண்டு நம்புவது? இன்றைய பேச்சின் பொருள் இதுவே.

நம் முன்னோரிடம் நீரைச் சோதிக்கும் முறைகள் இல்லாமற் போகவில்லை. பருப்பு விரைவில் வேகுகின்றதா, சவர்க்காரம் நுரைக்கின்றதா, நாவில் உவர் தட்டுகின்றதா என்று பார்த்தே ‘நல்ல தண்ணீர்க் கிணறு’ எது, ‘உவர்க் கிணறு’ எது என்று பிரித்தார்கள். நீரின் வன்மையையும் உப்பையும் அறிவதற்கு அம்முறைகள் இன்றும் ஓரளவு உதவும். ஆயின் நைத்திரேற்று என்னும் பொருள் நிறமற்றது, மணமற்றது, நீரில் நாம் காணும் அளவுகளில் சுவையாலும் தன்னைக் காட்டிக் கொடுக்காதது. தோட்டத்துக்கு அளவின்றி இடும் பசளையிலிருந்தும், மாட்டெருவிலிருந்தும், கிணற்றுக்கு அண்மையில் வெட்டப்பட்ட மலகூடக் குழியிலிருந்தும் அது நிலத்தடி நீரைச் சென்றடைகின்றது. கொதிக்க வைத்தாலும் அது நீங்குவதில்லை. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

இதனாற் பெரிதும் இடருறுவோர் கைக்குழந்தைகள். நைத்திரேற்று மிகுந்த கிணற்று நீரிற் பால்மாக் கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளின் உடல் நீலம் பாரிப்பதை 1945ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்லி என்னும் மருத்துவர் விளக்கினார். குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழப்பதே அதற்குக் காரணம். இக்குழந்தைகளை எண்ணியே உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்று எல்லை வகுத்தது. வலிகாமத்தின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர் எடுத்துக்காட்டி வந்துள்ளனர்.

ஆகவே, கண்ணும் நாவும் கைவிட்ட இடத்தில் ஆய்வுகூடத்தை நாடுகின்றோம். ஆய்வுகூடம் ஒரு தாளைத் தருகின்றது. தாளில் ஓர் எண் இருக்கின்றது. அந்த எண்ணை நம்பித் தாய் தன் குழந்தைக்கு நீர் கொடுக்கின்றாள். அந்த எண் பிழையாயின்?

பண்டத்தரிப்புக்குக் கிழக்கே சில மைல் தொலைவிலுள்ள சுன்னாகம் இதற்கு ஒரு பாடம். அங்குள்ள மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்துள்ளதென்ற முறைப்பாடு 2014, 2015ஆம் ஆண்டுகளிற் பெரிதாக எழுந்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை நடத்திய சோதனைகள் பல கிணறுகளில் எண்ணெய் இருப்பதைக் காட்டின. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கையோ அச்சத்துக்கு இடமில்லை என்னும் போக்கில் அமைந்தது. ஒரே ஊர், ஒரே நிலத்தடி நீர். ஆயினும் இரண்டு முடிவுகள்! பவுசரில் வரும் நீருக்காக வாளியுடன் காத்து நின்ற மக்கள் எந்தத் தாளை நம்புவார்கள்? இறுதியில் வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரல் 4ஆந் திகதி அந்நீதிமன்றம், நொதேர்ன் பவர் கம்பனி 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வரும்வரை கழிந்த ஆண்டுகளில் மக்கள் மனத்திற் குடியிருந்த ஐயத்தை எந்த இழப்பீட்டாலும் அளந்துவிட முடியாது.

ஐயத்தை முற்றாக நீக்கும் மந்திரம் எதுவும் இல்லை. ஆயினும், ஆய்வுகூடத்தின் சொல்லுக்குப் பிணை நிற்கும் ஒரு முறை உண்டு. அதுவே தகுதி அங்கீகாரம். தங்கத்தின் மாற்றை உரைகல் காட்டும். அந்த உரைகல் நல்லதா என்பதை யார் காட்டுவது? ஆய்வுகூடம் நீரைச் சோதிக்கின்றது. அங்கீகார சபை ஆய்வுகூடத்தையே சோதிக்கின்றது. இம்முறையை நாடளாவிய அளவில் முதன்முதல் ஒழுங்குபடுத்தியது அவுஸ்திரேலியா, ஆண்டு 1947. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் இதற்கென ஓர் அங்கீகார சபை நிறுவப்பட்டது. அச்சபை ஆய்வுகூடங்களை நிறுத்துப் பார்க்கும் படிக்கல், ஐ.எஸ்.ஓ. 17025 என்னும் அனைத்துலக நியமம். அது 1999இல் வெளியாகி, 2005இலும் 2017இலும் திருத்தப்பட்டது.

அந்நியமம் கேட்பவை யாவை? சோதிப்பவர் அத்தொழிலிற் பயின்றவரா? தராசும் கருவிகளும் குறித்த காலத்தில் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுகின்றனவா? நீர் மாதிரி எடுத்த நேரம் முதல் எண் எழுதப்பட்ட நேரம் வரை ஒவ்வொரு படியும் ஏட்டிற் பதிவாகின்றதா? பணம் கொடுப்பவருக்கு ஏற்றபடி முடிவை வளைக்க இடமின்றி நிருவாகம் அமைந்துள்ளதா? இவற்றுடன், பரீட்சை மாணவனுக்கு மட்டும் உரியதன்று, ஆய்வுகூடத்துக்கும் உண்டு. விடை அறியப்பட்ட மாதிரியை, விடையைக் கூறாமற் பல ஆய்வுகூடங்களுக்கும் அனுப்பி, யார் விடைக்கு அருகில் வருகின்றார், யார் விலகிப் போகின்றார் என்று பார்ப்பார்கள்.

இங்கே நேயர்கள் மனங்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அங்கீகாரம் கட்டிடத்துக்கோ பெயர்ப்பலகைக்கோ வழங்கப்படுவதன்று. குறிப்பிட்ட சோதனைக்கு, குறிப்பிட்ட முறைக்கு வழங்கப்படுவது. தேயிலையைச் சோதிக்க அங்கீகாரம் பெற்ற கூடம், கிணற்று நீரில் எண்ணெயைச் சோதிக்கவும் அங்கீகாரம் பெற்றதாகிவிடாது. எந்தச் சோதனைகளுக்கு அங்கீகாரம் உண்டென்பது ஓர் அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும். அந்த அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நமது உரிமை.

இத்தனை நுணுக்கம் ஏன் என்று சிலர் கேட்கலாம். இரண்டு எடுத்துக்காட்டுகள் கூறுவேன். ஒரு கூடம் நைத்திரேற்று 12 என்று எழுதுகின்றது. மற்றொன்று அதே நீருக்கு 53 என்று எழுதுகின்றது. யாரோ ஒருவர் பொய் சொல்கின்றார் என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். உண்மையில் இருவரும் சரியே. முன்னவர் நைத்திரேற்றிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டார். பின்னவர் நைத்திரேற்று முழுவதையும் கணக்கிட்டார். முன்னைய எண்ணை ஏறத்தாழ நாலரையாற் பெருக்கினாற் பின்னையது வரும். எந்தக் கணக்கு என்பதைத் தாளில் தெளிவாக எழுதாவிட்டால், 12 என்பதைக் கண்டு 50க்கு உட்பட்டதுதானே என்று குழந்தைக்கு அந்நீரைக் கொடுத்துவிடுவோம்.

மற்றையது எண்ணெய் பற்றியது. 2013ஆம் ஆண்டு திருத்தப்பட்ட இலங்கைக் குடிநீர் நியமம் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராம் என்று எல்லை வகுத்தது. கழிவுநீருக்கென அமெரிக்காவிற் பெரிதும் வழங்கும் நிறுத்தறியும் முறையொன்று, 5 மில்லிகிராமுக்குக் கீழ்ப்பட்டதை உறுதியாக அளந்து கூறாது. அம்முறையாற் குடிநீரைச் சோதித்து ‘காணப்படவில்லை’ என்று எழுதினால், அது பொய்யன்று. ஆனால் ‘இல்லை’ என்பதும் அதன் பொருளன்று. நெல் மூட்டை நிறுக்கும் தராசில் ஒரு குண்டுமணியை வைத்து, பாரமே இல்லை என்று சொல்வது போன்றது அது. மாதிரி எடுப்பதிலும் இவ்வாறே. எண்ணெய்க்கான மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து அமிலமிட்டுக் காக்க வேண்டும். பிளாஸ்ரிக் போத்தலின் சுவரில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். கிருமிச் சோதனைக்குரிய நீரை, கிருமி நீக்கிய போத்தலில் எடுத்து, குளிரிற் பேணி, ஒருநாளைக்குள் கூடத்திற் சேர்க்க வேண்டும். தொலைவிலுள்ள கூடத்துக்கு வெயிலில் நெடுநேரம் பயணம் செய்த நீர், கிணற்று நீரின் உண்மையைச் சொல்லாது.

இவ்விடத்தில்தான் கட்டணம் என்னும் கேள்வி எழுகின்றது. சோதனைக்கூடம் ஊருக்கு அருகில் இருக்க வேண்டும். அது தகுதி பெற்றதாகவும் இருக்க வேண்டும். ஆனால் தகுதி இலவசமாகக் கிடைப்பதன்று. விண்ணப்பக் கட்டணம், மதிப்பீட்டாளர் வந்து தங்கிப் பார்வையிடும் நாட்களுக்கான கட்டணம், ஆண்டுக் கட்டணம் என்று அங்கீகார சபைகள் அறவிடுகின்றன. அவற்றிலும் பெரிது, கண்ணுக்குத் தெரியாத செலவு: கருவிகளை ஒப்பிடுதல், பரீட்சை மாதிரிகளை வாங்குதல், ஏடுகளைப் பேணுதற்கென்றே ஓர் உத்தியோகத்தரை அமர்த்துதல்.

கணக்குக்காக ஓர் எண்ணை வைத்துக்கொள்வோம். இச்செலவு யாவும் ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாய் என்க. ஆண்டுக்கு 6,000 மாதிரிகள் சோதிக்கும் தலைநகர்க் கூடத்துக்கு மாதிரி ஒன்றுக்கு 200 ரூபாயே ஆகும். ஆண்டுக்கு 300 மாதிரிகள் மட்டும் வரும் சிறிய கூடத்துக்கோ மாதிரி ஒன்றுக்கு 4,000 ரூபாய் ஆகும். விதி இருவருக்கும் ஒன்று. அதன் சுமை ஒன்றன்று. சிறிய கூடம் ஒன்றில் அங்கீகாரத்தைக் கைவிடும், அன்றேல் கட்டணத்தை ஏற்றும். வெங்காயத்தின் விலை விழுந்த ஆண்டில் எந்தக் கமக்காரர் அக்கட்டணத்தைக் கொடுத்துத் தம் கிணற்றைச் சோதிப்பார்?

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. செல்வம் நிறைந்த கலிபோர்னியா மாநிலம் சுற்றாடல் ஆய்வுகூடங்களுக்குக் கடுமையான புதிய விதிகளை 2021 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அங்கும் சிறிய கூடங்கள், குறிப்பாகச் சிற்றூர் நீர்ச் சபைகள் நடத்தும் கூடங்கள், செலவைத் தாங்க இயலாதென முறையிட்டன. அரசு விதியைக் கைவிடவில்லை; ஆனால் புதிய தர முறைக்கு முற்றாக மாறுவதற்கு 2024 வரை அவகாசம் கொடுத்தது. விதியைத் தளர்த்துவது வேறு, விதியை எட்டுவதற்கு ஏணி வைப்பது வேறு என்பதை நாம் இதிலிருந்து கற்கலாம்.

நமக்கு வேண்டிய ஏணி எது? முதலாவது, குடிநீர்ச் சோதனையை ஏனைய வாணிபச் சோதனைகளோடு ஒன்றாக எண்ணலாகாது. ஏற்றுமதிப் பொருளைச் சோதிப்பிக்கும் கம்பனி கட்டணத்தை விலையிற் சேர்த்துக்கொள்ளும். கிணற்று நீரைக் குடிப்பவர் எதிற் சேர்ப்பார்? ஆகையாற் குடிநீருக்கான அங்கீகாரச் செலவைப் பொதுப் பணத்திலிருந்து கொடுப்பதே முறை. இரண்டாவது, மாவட்டத்திலுள்ள கூடங்கள் ஒவ்வொன்றும் எல்லாச் சோதனைகளுக்கும் அங்கீகாரம் தேடிச் செலவழியாமல், நைத்திரேற்றும் கிருமியும் ஒருவர், எண்ணெயும் உலோகங்களும் மற்றொருவர் என்று பகிர்ந்துகொள்ளலாம். மூன்றாவது, மாசு செய்யக்கூடிய தொழிற்சாலை தன் கழிவைச் சோதிப்பிக்கும் கட்டணத்தில் ஒரு பங்கை, சூழவுள்ள கிணறுகளின் சோதனைக்கென ஒதுக்கச் செய்யலாம்.

நான்காவதாக ஒன்று சேர்ப்பேன். முடிவுத் தாள் தமிழில் இருத்தல் வேண்டும். 1820ஆம் ஆண்டிலேயே மருத்துவர் யோன் ஸ்கடரின் மருத்துவப் பணியைக் கண்ட ஊர் பண்டத்தரிப்பு. அயலூரான மானிப்பாயில் மருத்துவர் கிறீன் அந்நூற்றாண்டிலேயே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களையும் ஆக்குவித்தார். அத்தகைய மண்ணில், தன் கிணற்றைப் பற்றிய தாளைக் கிணற்றுக்காரரே படிக்க முடியாமலிருப்பது பொருந்துமா?

அரசும் சபைகளும் செய்ய வேண்டியவை செய்யப்படும்வரை நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. நீரைச் சோதிக்கக் கொடுக்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தச் சோதனைக்கு உங்களிடம் அங்கீகாரம் உண்டா? எந்த முறையாற் சோதிக்கின்றீர்கள். அம்முறை அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு என்ன? முடிவில் எத்துணை ஏற்றத்தாழ்வு இருக்கக்கூடும்? எந்த அலகில் எழுதுகின்றீர்கள்? இக்கேள்விகளைக் கேட்பவரை நல்ல ஆய்வுகூடம் வெறுக்காது, வரவேற்கும். கேள்வி கேட்பாரற்ற இடத்தில் விதியும் ஏட்டிலேயே உறங்கும்.

துலாவும் பட்டையும் போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. இறைப்பது எளிதாயிற்று, ஆனால் நீரின் நலத்தை அறிவது அரிதாயிற்று. ஆய்வுகூடத் தாளின் அடியில் இடப்படும் கையொப்பம் ஒரு குழந்தையின் உயிருக்குச் சொல்லப்படும் சாட்சியம். அச்சாட்சியம் தகுதியுடையதாக இருத்தல் வேண்டும். அதற்குரிய விலை ஏழையின் தலையிற் சுமத்தப்படாதிருத்தலும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே கைகூடினாலன்றி, நம் கிணற்று நீரை நம்பிக் குடிக்கும் காலம் வராது.