செய்திக்கு யார் காசு கொடுப்பது?

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர்களை மேடைக்கு அழைத்தால் சீனி வியாதியைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதைக் கிளினிக்கில் வைத்துக்கொள்வோம். இன்று கேட்க விரும்புவது வேறொன்று. கைத்தொலைபேசியில் நாங்கள் நாள்தோறும் இலவசமாக வாசிக்கும் செய்திக்கு உண்மையில் யார் காசு கொடுக்கிறார்கள்?

எங்கள் தமிழ் இணையத்தளங்கள் பலவற்றைத் தாங்கி நிற்பவை மரண அறிவித்தல்கள். ரொறன்ரோவில் இருக்கும் தோழியும் சுன்னாகத்தில் இருக்கும் தோழியும் காலையில் எழுந்து முதலில் பார்ப்பது அதைத்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர்த் தொடர்பு அறாமல் இருக்க அதுவும் ஒரு வழி. ஆனால் பார்க்க வருவோரின் தொகையைக் காட்டித்தான் மற்ற விளம்பரங்களும் பிடிக்கிறார்கள். தொகை கூட வேண்டுமென்றால் தலைப்பு பயமுறுத்த வேண்டும். அப்படியொரு தலைப்பை நம்பி மருந்தை நிறுத்திவிட்டு வருபவர்களை எங்களில் வைத்தியர்களாக இருப்பவர்கள் காண்கிறோம். செய்தி என்று அவர்கள் வாசித்தது, சில வேளைகளில், எண்ணெய் விற்பவர் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம்.

நாங்கள் படித்த தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் கடதாசி வரவில்லை. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலேயே அச்சாகின. பத்திரிகை வெளிவரச் செலவாகிறது என்பது அந்தத் தாளைக் கையில் எடுத்த எவருக்கும் விளங்கும். இணையத்தில் கடதாசிச் செலவு இல்லை. செய்தியாளரின் சம்பளம், நீதிமன்றத்துக்குப் போய்வரும் பஸ் காசு, சட்டத்தரணியின் கட்டணம் ஆகியவற்றில் ஒன்றும் குறையவில்லை.

பிலிப்பைன்ஸில் 2012 இல் தொடங்கிய ராப்ளர் என்ற செய்தித்தளத்தைப் பாருங்கள். பெண்கள் பாடசாலையில் படித்த எங்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. அதை முன்னின்று தொடங்கிய நால்வர் பெண்கள். அவர்களை 'மனாங்' என்பார்கள். அக்கா என்று பொருள். மரியா ரெஸ்ஸா அந்த அக்காமாரில் ஒருவர். ஜனாதிபதி துதெர்தேயின் ஆட்சியில் போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் நடந்த கொலைகளை ராப்ளர் விடாமல் எழுதியது. அரசு கை வைத்தது கணக்குப் புத்தகத்தில். 2015 இல் ஒமிட்யார் நெற்வேர்க் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் பணத்தை ராப்ளர் ஏற்றிருந்தது. அந்நாட்டு அரசியலமைப்பின்படி ஊடக நிறுவனம் முழுவதும் அந்நாட்டவர் கையில் இருக்க வேண்டும். பணத்தோடு அதிகாரமும் வெளிநாட்டுக்குப் போய்விட்டது என்று சொல்லி, 2018 ஜனவரியில் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு ராப்ளரின் பதிவை இரத்துச் செய்தது. அடுத்த மாதமே அந்த நிறுவனம் தன் முதலீட்டை ராப்ளரின் பிலிப்பைன்ஸ் முகாமையாளர்கள் 14 பேருக்கு நன்கொடையாகக் கொடுத்து விலகியது. அப்படியும் விடவில்லை. 2019 இல் ரெஸ்ஸா கைதானார். 2020 இல் இணைய அவதூறு வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பாகி மேன்முறையீடு செய்தார். 2021 இல் நோபல் சமாதானப் பரிசை ரஷ்யப் பத்திரிகையாளர் திமித்ரி முராத்தொவுடன் பகிர்ந்துகொண்டார். ஆணைக்குழுவின் உத்தரவு செல்லாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது 2024 இல்தான். ஆறரை வருடம்! நல்ல நோக்கத்தோடு வந்த பெருந்தொகையும் எதிராளியின் கைக்குப் பிடி கொடுத்துவிடும்.

பிரான்ஸில் 2008 இல் தொடங்கிய மீடியாபார் வேறு வழியில் போனது. விளம்பரமே இல்லை, வாசகரின் சந்தாதான் வருமானம். வரவு செலவை ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். வரவுசெலவுத் திட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சரே சுவிஸ் வங்கியில் இரகசியக் கணக்கு வைத்திருந்ததை 2012 இல் வெளிக்கொண்டு வந்தது அந்தத் தளம். அமைச்சர் அடுத்த வருடம் பதவி விலகினார். 2019 இல் அதன் உரிமையை யாரும் வாங்கவோ விற்கவோ முடியாதபடி இலாப நோக்கற்ற நிதியம் ஒன்றின் கீழ் வைத்தார்கள்.

எங்கள் நாட்டில் 2006 இல் வந்த கிரவுண்ட்வியூஸும், பின்னர் தமிழில் வந்த மாற்றமும் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் நிழலில் வளர்ந்தவை. நிறுவன நிழல் வேண்டியதுதான். ஆனால் வெளிநாட்டுக் கொடையை மட்டும் நம்பியிருந்தால் என்னவாகும் என்பதை 2025 ஜனவரி காட்டியது. அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, அந்த வருடம் உலகெங்கும் சுயாதீன ஊடகங்களுக்கென ஒதுக்கியிருந்த சுமார் 268 மில்லியன் டொலரும் அதோடு முடங்கியது. ஒரே கையெழுத்து, எத்தனை ஆசிரியபீடங்கள்!

ஆகவே பத்துப் பேர் தரும் பெருந்தொகையை விட, பத்தாயிரம் பேர் தரும் சிறுதொகைதான் பாதுகாப்பு என்பது எங்கள் எண்ணம். காசு சேர்க்கத் தெரிந்த சங்கம் இது. லண்டன், சிட்னி, ரொறன்ரோ, கொழும்பு என்று எங்கு கேட்டாலும் கை நீளும். ஆனால் மண்டபம் கட்டித் தந்தால் கல்லில் பெயர் வெட்டுவோம். செய்தித்தளத்துக்குக் கொடுத்தால் அந்த மரியாதை கிடையாது. கொடுத்தவரின் தம்பி காணி மோசடியில் அகப்பட்டால் அந்தச் செய்தியும் வரவேண்டும். எங்கள் பாடசாலையில் ஏதும் பிழை நடந்தால் அதுவும்தான். இதைத் தாங்கக் கூடியவர்கள் மட்டும் கொடுங்கள்.

வைத்திய மாநாடுகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. எந்த மருந்துக் கம்பனியிடம் பணம் பெற்றோம் என்பதைப் பேசுபவர்கள் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். சொன்னால் சார்பு போய்விடாது. கேட்பவர் சற்று விழிப்பாக இருப்பார். சந்தா கட்டுமுன் அந்தத் தளத்திலும் இதைத் தேடுங்கள். உரிமையாளர் யார், பணம் எங்கிருந்து வருகிறது, பிழை விட்டால் திருத்தம் போடுகிறார்களா, அல்லது சத்தமில்லாமல் அழித்துவிடுகிறார்களா? கடைசிக் கேள்விக்கான விடையை வைத்தே பாதி தீர்மானித்துவிடலாம்.

பணம் தர வசதியில்லாதவர்கள் நேரம் தரலாம். எங்களுக்குள் கணக்காளர்கள் இருக்கிறார்கள், சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். சிறிய ஆசிரியபீடத்துக்கு ஒரு வக்கீல் கடிதம் வந்தாலே உறக்கம் போய்விடும். அதற்குப் பதில் எழுதிக் கொடுப்பது பெரிய உதவி. சுகாதாரச் செய்திகளை வெளியிடுமுன் வாசித்துப் பார்க்க வைத்தியர்களான நாங்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். கட்டணம் வேண்டாம். ஆனால் வாசித்தவரின் பெயரைச் செய்தியின் கீழே போடுங்கள். பிழையென்றால் யாரைக் கேட்பது என்று வாசகருக்குத் தெரியட்டும்.