சென்சார் சொன்னதும் ஆத்துக்காரி சொன்னதும்

(சங்கத்தின் தில்லிக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு காலம் தள்ளியவன். எழுபது வயதுக்கு மேல் சால்டரிங் அயனை மறுபடி கையில் எடுத்தேன். பேரன் ஓர் ஆர்டுயினோ போர்டு கொடுத்தான். செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் மேக்ஸ் 30102 என்ற சென்சாரை வாங்கி வந்தேன்.

அது 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 880 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் விரலில் பாய்ச்சி, திரும்பி வருவதை அளக்கிறது. பிராணவாயு நிறைந்த ரத்தம் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். குறைந்த ரத்தம் சிவப்பை அதிகம் உறிஞ்சும். தோலும் எலும்பும்கூட உறிஞ்சுமே என்று கேட்பீர்கள். நாடித் துடிப்போடு ஏறி இறங்குவது தமனி ரத்தத்தின் பங்கு. அதை மட்டும் பிரித்துக் கணக்கிடலாம் என்று 1970-களில் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் டாகுவோ ஆவோயாகி.

சோதனையைத் தொடங்கினேன். மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிஷம் எண்ணினால் நாடி 74, சென்சாரில் 75. பரம சந்தோஷம்! ஜனவரிக் குளிரில் கை கழுவிவிட்டு விரலை வைத்தேன். பிராணவாயு 86 என்றது. கையைத் தேய்த்துச் சூடாக்கியதும் 96. அழுத்தினால் ஓர் எண், ஜன்னல் வெயில் பட்டால் வேறோர் எண். விரலுக்குப் பதில் பென்சில் ரப்பரை வைத்தேன். அதற்கும் ஏதோ ஓர் எண் வந்தது! எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதினேன். ஆபீஸ் பழக்கம் போகுமா?

சென்ற வருஷம் ஒரு விடியற்காலை மார்பில் கனம்; உடம்பெல்லாம் வேர்வை. விரலை வைத்தேன். கை சூடாகத்தான் இருந்தது, விளக்கு வெளிச்சமும் படவில்லை. 97, நாடி 80. "வாயுதான், ஒன்றுமில்லை" என்று காபி கேட்டேன். என் ஆத்துக்காரி எண்ணைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். "உங்க மெஷின் கிடக்கட்டும், எழுந்திருங்கோ" என்று பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். இ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு. அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

சென்சார் பொய் சொல்லவில்லை. ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்பதுதான் அதற்குத் தெரியும். இருதயத்தின் ரத்தக் குழாய் அடைத்திருப்பது அதற்கு எப்படித் தெரியும்? எப்போதெல்லாம் அது தப்பாகக் காட்டும் என்று பக்கம் பக்கமாக எழுதினவன், எதை அது காட்டவே காட்டாது என்று ஒரு வரி எழுதவில்லை. இப்போது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

2020-ல் கொரோனா வந்தபோது நம்மில் பலர் ஆக்ஸிமீட்டர் வாங்கினோம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் போனில் "எவ்வளவு காட்டறது?" என்று கேட்கிறார்கள். எண்ணைச் சொல்லுங்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். மார்பு வலி, வேர்வை, மூச்சுத் திணறல் வந்தால், கருவி 97 காட்டினாலும் 99 காட்டினாலும் உடனே டாக்டரிடம் போங்கள்.

பேரக் குழந்தைகளோடு உட்கார்ந்து இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்கள். பென்சில் ரப்பர் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.