ஒரே வலையா, நான்கு வலைகளா?

(திருவல்லிக்கேணியில் இ-சேவை மையம் நடத்துவோருக்கு ஆற்றிய உரை)



வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என்று உங்களைத் தேடி வருகிறவர்கள் ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் உங்களை நம்பித்தான் கொடுக்கிறாங்க. அவை ஸ்கேன் ஆகி உங்க கம்ப்யூட்டருக்குள் போகின்றன. அதே கடையில் பிரவுசிங் உண்டு. மேன்ஷன் தம்பிகளுக்கு வைஃபை பாஸ்வேர்டும் கொடுத்திருப்போம். எல்லாம் ஒரே ரூட்டர், ஒரே வலை!

இதில் என்ன ஆபத்து? 2017 மே மாதம் உலகையே உலுக்கிய 'வான்னாக்ரை' நினைவிருக்கா? அப்டேட் செய்யாத விண்டோஸ் கணினிகளை வலைவழியே தானே தேடிப் போய், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது.

இதுபோன்ற பரவலைத் தடுக்க உதவுவது சப்நெட், அதாவது வலையைச் சிறு வலைகளாகப் பிரிப்பது. நம்ம பின்கோடு 600005-ஐப் பாருங்க. 600 என்றால் சென்னை, 005 திருவல்லிக்கேணி. ஐ.பி. முகவரியும் அப்படித்தான். முன்பகுதி எந்த வலை என்று சொல்லும். பின்பகுதி எந்தக் கணினி என்று சொல்லும். எந்த இடத்தில் பிரிகிறது என்பதைக் காட்டுவதே சப்நெட் மாஸ்க்.

192.168.1.0 வலையில் மாஸ்க் 255.255.255.0 என்றால் மொத்தம் 256 முகவரிகள். மாஸ்க்கை 255.255.255.192 ஆக்கினால், தலா 64 முகவரிகளோடு 4 வலைகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் முதல் எண் வலையைக் குறிக்க, கடைசி எண் எல்லாக் கணினிக்கும் பொதுத் தகவல் அனுப்ப. மீதி 62 நம்ம பயன்பாட்டுக்கு. கடைசி எண் 1 முதல் 62 வரை சேவைக் கணினிகளும் பிரிண்டரும். 65 முதல் 126 வரை பிரவுசிங். 129 முதல் 190 வரை சிசிடிவி. 193 முதல் 254 வரை வாடிக்கையாளர் வைஃபை.

ஆனால் எண்ணை மட்டும் பிரித்தால் போதாது. வேறு எண்ணைத் தானே போட்டுக்கொண்டு ஒருவர் உள்ளே வந்துவிட முடியும். அதனால் சுவிட்சில் 'விலேன்' அமைத்து, ரூட்டரில் ஃபயர்வால் விதி போடச் சொல்லுங்க. சின்ன கடையா? ரூட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' வசதி இருந்தால் அதை ஆன் பண்ணி, வாடிக்கையாளருக்கு அந்த பாஸ்வேர்டை மட்டும் கொடுங்க.

இன்றைக்கே ஒரு சோதனை செய்யலாம். உங்க போனை வாடிக்கையாளர் வைஃபையில் இணைத்து, பிரவுசரில் பிரிண்டரின் ஐ.பி. முகவரியைத் தட்டுங்க. பிரிண்டர் பக்கம் திறந்தால், உங்க வலை இன்னும் பிரியவில்லை என்று அர்த்தம். நெட் போட்டுக் கொடுத்தவரை உடனே கூப்பிடுங்க.