வாட்ச் கையில், பில் எங்கே?

(அருப்புக்கோட்டையில் இளைஞர்களுக்கான நுகர்வோர் விழிப்புணர்வுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு, காவலர் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளுக்குக் காலையில் ஓட்டப் பயிற்சி கொடுக்கிறேன். சட்டம் படித்தவன் இல்லை. ஒரு கைக்கடிகாரம் ரிப்பேர் ஆனதால் சட்டம் கொஞ்சம் தெரிந்துகொண்டவன். அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நம்ம அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் பல பேருக்குக் கண்மாய்க் கரைதான் மைதானம். வெயில் ஏறுவதற்குள் ஓடி முடித்துவிட வேண்டும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். கண்மாய்க் கரையில் 1,500 மீட்டர் எங்கே முடியுது என்று யார் சொல்வது? அதனால்தான் தூரம், வேகம், இதயத் துடிப்பு எல்லாம் காட்டுகிற ஜிபிஎஸ் வாட்ச் மேல் பிள்ளைகளுக்கு அவ்வளவு ஆசை.

என்னிடம் வருகிற தம்பி ஒருவன், திருச்சுழிப் பக்கம். ராத்திரி விசைத்தறி ஷிப்ட், விடிந்தால் ஓட்டம். "அஞ்சாயிரத்துல ஒண்ணு போதும்டா" என்று சொன்னேன். "விலை கூடுன வாட்ச்னா சர்வீஸும் நல்லா இருக்கும்ல சார்" என்றான். அவன் அம்மா இரண்டு கிடாயை விற்றார். மீதிக்குத் தறிக்கூலி. மொத்தம் 26,000 ரூபாய். திருப்பூரில் இருக்கும் பெரியப்பா மகன் கார்டுக்குத் தள்ளுபடி கிடைத்ததால், அவர் கணக்கிலேயே ஆன்லைனில் வாங்கினார்கள். மலையில் ஏறலாம், மழையில் ஓடலாம், 50 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது.

ஏழாவது மாசம் கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. இரண்டு நாளில் சார்ஜ் ஏறுவது நின்றுபோனது. உடல்தகுதித் தேர்வுக்கு ஒன்றரை மாசம் இருந்தது.

மூன்று தடவை மதுரைக்கு

கம்பெனியின் இணையதளத்தில் மதுரையில் சர்வீஸ் சென்டர் என்று இருந்தது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போனான். போனால், அது வாட்சை வாங்கி வெளியூருக்கு அனுப்புகிற இடம் மட்டும்தான். "பில் உங்க பேர்ல இல்லையே" என்று திருப்பி அனுப்பினார்கள். பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடியும் போனான். வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஜாப் ஷீட் கொடுக்கவில்லை, இவனும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் போனில் பதில் வந்தது: "உள்ளே தண்ணி போயிருக்கு. வாரண்டி கிடையாது. 17,000 கட்டினா வேற வாட்ச் தருவோம்." மூன்றாவது தடவை போய், செத்துப்போன வாட்சைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் அம்மா என்னிடம் கேட்டார்: "வாத்தியாரய்யா, அம்புட்டுப் பெரிய கம்பெனிக்காரன் நம்மள மாதிரி ஆளுக்குப் பதில் சொல்வானாய்யா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "விசாரிக்கிறேன்மா" என்று மட்டும் சொன்னேன். விசாரித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

இது பழைய கடிகாரம் இல்லை

எங்க காலத்தில் எச்எம்டி வாட்ச் இருந்தது. பிறகு, நம்ம தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடாவும் 1984-ல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் வந்தது, ஓசூரில் தொழிற்சாலை. அந்த வாட்ச் நின்றால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து வாட்ச் கடைக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டி, பின்மூடியைக் கழற்றி, செல் மாற்றிக் கொடுத்துவிடுவார்.

இப்போது வருகிற ஜிபிஎஸ் வாட்ச் அப்படி இல்லை. சின்ன கம்ப்யூட்டரை ரப்பர் வளையம் வைத்து, பல மாடல்களில் பசையும் போட்டு மூடியிருக்கிறார்கள். உதிரிபாகம் வெளியே சுலபமாகக் கிடைக்காது. அதன் பாதி வேலை கம்பெனியின் சர்வரில் நடக்கிறது. 2020 ஜூலையில் கார்மின் நிறுவனத்தின் கணினிகளில் ரான்சம்வேர் தாக்குதல் நடந்தபோது, உலகம் முழுக்க அந்த வாட்ச் கட்டியவர்கள் ஓடிய கணக்கைப் பல நாள் போனில் ஏற்ற முடியவில்லை. வாட்சில் ஒரு பழுதும் இல்லை. ஆனாலும் சேவை நின்றது. அதனால் இந்த மாதிரிப் பொருளை வாங்கும்போது, அந்தக் கம்பெனியின் சர்வீஸையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். விலையைப் பார்க்கிற நாம் அதைப் பார்ப்பதில்லை.

அடுத்து, இந்த 50 மீட்டர். 50 மீட்டர் ஆழத்துக்கு மூழ்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. புது வாட்சை அவ்வளவு அழுத்தத்தில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள் என்பதுதான் அர்த்தம். மழையில் ஓடலாம், சாதாரணமாக நீந்தலாம். ஆனால் இந்தத் தாங்குதிறன் நிரந்தரம் இல்லை என்று கம்பெனிகளே கையேட்டில் எழுதுகின்றன. சோப்பு, சுடுதண்ணி, கீழே விழுந்த அடி, வருஷக்கணக்கில் வெயில், எல்லாம் அந்த ரப்பர் வளையத்தைக் கெடுக்கும். வியர்வை உப்பு சார்ஜ் ஏறுகிற பின்னை அரிக்கும். நம்ம கரிசல் புழுதி பட்டன் ஓரத்தில் அடையும். ஓடி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, காய்ந்த பிறகு சார்ஜ் போடுங்கள். ஆவி படிந்தால் சார்ஜில் போடாதீர்கள், நீங்களே திறக்கவும் வேண்டாம். வாரண்டி இருக்கும்போது வெளியே திறந்தால், அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். ஸ்ட்ராப், ஸ்ட்ராப் பின் மாற்றுவதற்கு மட்டும் நம்ம ஊர் வாட்ச் கடை போதும்.

நான் தம்பியிடம் கேட்டேன்: "உண்மையைச் சொல்லு, வாட்சோட எங்க குளிச்ச?" தயங்கினான். "பம்புசெட்டுல குளிச்சேன் சார், ரெண்டு தடவ." அதையும் மறைக்காமல் புகாரில் எழுதச் சொன்னேன். நீந்தலாம் என்று சொல்லி விற்ற வாட்ச், பம்புசெட்டில் குளித்ததற்கு ஏன் கெட்டது என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. பொய் சொல்லி மாட்டினால் அந்த உரிமையும் போய்விடும்.

பில் வேறு பெயரில் இருந்தால்?

இங்கேதான் பலர் மனசு விட்டுவிடுகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, அது 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. காசு கொடுத்து வாங்கியவர் மட்டும் நுகர்வோர் இல்லை. அவர் சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே அண்ணன் வாங்கி, தம்பி கட்டின வாட்சுக்குத் தம்பி புகார் கொடுக்கலாம். "இவன் பயன்படுத்தத்தான் வாங்கினேன்" என்று அண்ணனிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டோம்.

ஆனால் பில்லே இல்லை என்றால் கஷ்டம். கடைக்காரர் பில் தர மறுத்தால், அதையே முறையற்ற வணிக நடவடிக்கை என்று இந்தச் சட்டம் சொல்கிறது. கேட்டு வாங்குங்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற மாமா கொண்டுவந்து கொடுத்த வாட்ச் என்றால், அந்த வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று அட்டையில் படித்துவிடுங்கள். சில கம்பெனிகள் வாங்கிய நாட்டில் மட்டும்தான் பார்க்கும்.

போனிலிருந்தே நான்கு படிகள்

முதல் படி, கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். போனில் பேசியது காற்றோடு போகும். ஈமெயில் போடுங்கள். "என்ன பழுது, எதனால் வாரண்டி இல்லை என்கிறீர்கள், சோதனை அறிக்கையைத் தாருங்கள்" என்று மூன்று கேள்வி போதும். வாட்சைக் கொடுக்கும் முன்பு எல்லாப் பக்கமும் போட்டோ, சீரியல் நம்பர், ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ச் இயங்கினால் உங்கள் ஓட்டப் பதிவுகளைப் போனுக்கு ஏற்றிவிட்டு, வாட்சில் இருப்பதை அழித்துவிடுங்கள். ஜாப் ஷீட் இல்லாமல் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடி, முதலில் வருகிற நம்பரைக் கூப்பிடாதீர்கள். போலி நம்பர்கள் நிறைய உலவுகின்றன. வாரண்டி அட்டையில் அல்லது கம்பெனியின் ஆப்பில் உள்ள நம்பர் மட்டும். "பத்து ரூபா கட்டுங்க", "இந்த ஆப்பை ஏத்துங்க", "ஓடிபி சொல்லுங்க" என்றால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930.

இரண்டாம் படி, ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். 8800001915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் பதியலாம். ஆப்பும் இருக்கிறது, உமங் ஆப் வழியாகவும் போகலாம். பதிவு எண் தருவார்கள், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் உங்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இவர்களுக்கு இல்லை. ஆனால் பல பிரச்சனை இங்கேயே முடிந்துவிடும்.

நான்காம் படி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நமக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். கம்பெனி பெங்களூரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இது 2019 சட்டம் தந்த வசதி. பிரச்சனை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி தளத்தில் போனிலிருந்தே மனுவும் ஆவணங்களும் ஏற்றலாம். இரு தரப்பும் சம்மதித்தால் சமரசத்துக்கும் வழி உண்டு. பழுது நீக்கு, மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பிக் கொடு, இழப்பீடு கொடு, இப்படி எல்லாம் உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போனதிலிருந்து மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடலாம். அதற்கும் தயாராக இருங்கள்.

இதோடு, 2022 டிசம்பரில் மத்திய அரசு 'ரைட் டு ரிப்பேர்' தளத்தைத் தொடங்கியிருக்கிறது. சர்வீஸ், வாரண்டி, உதிரிபாக விவரங்களைக் கம்பெனிகள் அங்கே பகிர வேண்டும் என்பது நோக்கம். வாங்கும் முன்பே அதைப் பார்ப்பது நல்லது.

தம்பிக்கு என்ன ஆச்சு?

நாங்கள் மூன்றாம் படியில் நின்றோம். பில், அண்ணன் எழுதிக் கொடுத்த வரி, அட்டைப்பெட்டி போட்டோ, 17,000 கேட்ட போனுக்குப் பதிலாக நாங்கள் போட்ட ஈமெயில், எல்லாவற்றையும் சேர்த்து 1915-ல் பதிந்தோம். 19-ம் நாள் கம்பெனியிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். பணம் இல்லாமல், சரிசெய்யப்பட்ட வேறொரு வாட்ச் தந்தார்கள். புது வாட்ச் இல்லை. "இதுக்கு வாரண்டி எவ்வளவு நாள்?" என்று ஈமெயிலில் கேட்டு வாங்கினோம். மிச்சமிருந்த நாலு மாசம்தான்.

ஆனால் வாட்ச் வந்து சேர்வதற்குள் உடல்தகுதித் தேர்வு முடிந்துவிட்டது. அந்த ஒன்றரை மாசமும் கயிறு பிடித்துக் கண்மாய்க் கரையை அளந்து, 1,500 மீட்டருக்கு ஒரு கருவேலங்குச்சியை நட்டு, என் பழைய ஸ்டாப் வாட்சை வைத்துத்தான் ஓடினான். ஓட்டத்தில் தேறிவிட்டான். மற்ற முடிவுக்காகக் காத்திருக்கிறான். மூன்று நாள் கூலியும் மதுரைக்குப் போய் வந்த பஸ் காசும் போனது போனதுதான். முதல் நாளே ஜாப் ஷீட் வாங்கி, முதல் வாரமே எழுத்தில் கேட்டிருந்தால் இவ்வளவு நாள் இழுத்திருக்காது என்று இப்போது அவனே சொல்கிறான்.

அவன் அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. "கேட்கிற மாதிரி கேட்டா பதில் சொல்வாங்கம்மா. சொல்லலைன்னா கேட்க வைக்க இடம் இருக்கு."

உங்களிடம் ஒரே ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். இதைப் படித்து முடித்ததும் போனை மூடாதீர்கள். 'பில்' என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். வாட்ச், போன், மிக்சி, மோட்டார், எது வாங்கியிருந்தாலும் பில், வாரண்டி அட்டை, சீரியல் நம்பர் மூன்றையும் போட்டோ எடுத்து அதில் போடுங்கள். கடைப் பில்லின் எழுத்து நம்ம ஊர் வெயிலுக்குச் சீக்கிரம் மங்கிவிடும். உங்க வீட்டுப் பெரியவர்கள் வாங்கிய பொருளுக்கும் சேர்த்துச் செய்துகொடுங்கள். பத்து நிமிஷ வேலைதான்.