உணவும் உரையும்



நகரங்களில் அண்மைக் காலமாக ஒரு வழக்கம் பரவி வருகிறது. வாரத்தில் ஒரு நாள், கடைகள் திறக்கும் முன்பே, பல்வேறு தொழில் செய்வோர் ஓர் உணவகத்தில் கூடுகின்றனர். காலைச் சிற்றுண்டியை ஒன்றாக உண்கின்றனர். ஒவ்வொருவரும் தம் தொழிலைப் பற்றி ஓரிரு நிமிடங்கள் எடுத்துரைக்கின்றனர். பின்னர் அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் விருந்தினராக வந்து தாம் அறிந்ததைப் பேசுகிறார். அன்றைய அலுவல் தொடங்கும் வேளையில் கூட்டம் கலைந்துவிடுகிறது.

இவ்வழக்கத்தின் ஒரு வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1905ஆம் ஆண்டு சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் நண்பர் மூவருடன் கூடிப் பேசத் தொடங்கினார். ஒரு முறை ஒருவர் அலுவலகம், மறுமுறை மற்றொருவர் அலுவலகம் எனச் சுழன்று கூடியதால் அவ்வமைப்பு ரோட்டரி எனப் பெயர் பெற்றது. 1985இல் ஐவன் மைஸ்னர் தொடங்கிய பி.என்.ஐ. என்னும் வணிகர் அமைப்பு, வாரந்தோறும் கூடுவதையும் ஒரு குழுவில் ஒரு தொழிலுக்கு ஒருவரையே சேர்ப்பதையும் விதியாக்கியது. ஒருவர் மற்றவருக்கு வாடிக்கையாளரைப் பரிந்துரைப்பதே அதன் நோக்கம். அது தவறன்று, நேர்மையாகப் பொருளீட்டுவது இல்லறத்தாரின் கடமையே. ஆயினும், கூடுவதன் பயன் அவ்வளவுதானா என்பது சிந்திக்கத்தக்கது.

இவ்வினாவிற்கு விடை தேடத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. அச்சன்புதூருக்கு அண்மையிலுள்ள தென்காசியைப் பூர்விகமாகக் கொண்டவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். அவரும் சட்டம் பயின்றவரே. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இருந்த அவர் இல்லத்து முற்றத்தில், 1920களில், ஞாயிறுதோறும் மாலையில் அன்பர்கள் கூடினர். அந்த முற்றத்தின் பெயராலேயே அக்கூட்டம் வட்டத்தொட்டி என வழங்கலாயிற்று. அதற்குச் சந்தா இல்லை. தலைவர், செயலாளர் என்னும் பதவிகளும் இல்லை. ஒரு பாடலை எடுத்துக்கொள்வர்; அதை மெல்லப் படிப்பர்; மீண்டும் படிப்பர்; அதன் சுவை நெஞ்சில் படியும்வரை பேசுவர். பிற்காலத்தில் நீதிபதியாக விளங்கிய எஸ். மகராஜன், கோயில்களைப் பற்றி விரிவாக எழுதிய தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் போன்றோர் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்களே.

பின்னர் டி.கே.சி. குற்றாலத்தில் தங்கியபோது அவருடைய இல்லமே ஒரு சபையாக விளங்கியது. ராஜாஜியும் கல்கியும் அங்கு வந்தனர். அருவியில் நீராடி வந்தவர்க்கு இலையில் உணவும் செவியில் கவிதையும் ஒருங்கே கிடைத்தன. அவ்வீட்டு விருந்தோம்பலைப் பற்றி எழுதாத நண்பர் அரியர். பசி நீங்கி, மனம் அமைதியுற்று, அவசரம் இன்றி அமர்ந்திருக்கும் வேளையில்தான் ஒரு சொல் உள்ளே இறங்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1954ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் அவர் மறைந்தார்.

அக்கூட்டத்திற்கு ஒரு குறையும் இருந்தது. அதையும் மறைக்காமல் கூறவேண்டும். கம்பராமாயணத்தில் பல பாடல்களை இடைச்செருகல் என்று டி.கே.சி. தம் சுவையுணர்வையே அளவுகோலாகக் கொண்டு நீக்கினார். புலவர் பலர் அதை ஏற்கவில்லை. ஒருவரைச் சுற்றியே அமையும் கூட்டத்தில் அவருடைய அளவுகோலே அனைவரின் அளவுகோலாகிவிடும் இடர் உண்டு. அவருக்குப் பின் அந்த இருக்கையில் அமர ஆள் இருப்பதும் அரிது. பேசுபவர் வாரந்தோறும் மாறவேண்டும் என்னும் இக்கால ஏற்பாடு இவ்விரு குறைகளுக்கும் நல்ல மருந்து. ஒருவர் சுவையைக் கற்பிக்கலாம்; பலர் பேசினால்தான் ஊரின் அறிவு முழுவதும் வெளிப்படும்.

உள்ளூரார் பேச்சின் அருமையைத் தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டிய தேவை இல்லை. அவர்கள் வரலாற்றிலேயே அதற்குச் சான்று உண்டு. 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையரைச் சீவகசிந்தாமணியைப் படிக்கத் தூண்டினார் சேலம் இராமசுவாமி முதலியார். நூல் கையில் இருந்தது. நச்சினார்க்கினியர் உரையும் இருந்தது. ஆனால் அதில் வரும் சமண சமயக் கருத்துகள் ஐயருக்கு விளங்கவில்லை. கல்லூரியில் அவற்றை விளக்கவல்லார் இல்லை. அந்நிலையில் அவ்வூரிலேயே சமணர்கள் வாழ்வதை அறிந்து சந்திரநாத செட்டியார் என்பவர் இல்லத்திற்குச் சென்றார். அங்கே வாயிலில் தோரணம் கட்டப்பட்டிருந்தது. காரணம் வினவியபோது, சிந்தாமணியைப் பல மாதங்களாகப் படித்து அன்று நிறைவு செய்ததாகக் கூறினர். வீடூர் அப்பாசாமி நயினார் என்னும் பெரியவர் அங்கே அதற்குப் பொருளுரைத்தவர்.

அக்காட்சியைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கே தேடுவது என்று ஒரு பேராசிரியர் மயங்கிய அறிவு, ஒரு வீட்டில் விழாவாகக் கொண்டாடப்பட்டுக்கொண்டிருந்தது. ஐயர் மீண்டும் மீண்டும் அங்குச் சென்று ஐயம் தெளிந்தார். 1887இல் அவருடைய சீவகசிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. அதன் பின்னரே பண்டைத் தமிழ் நூல்களைப் பதிப்பிக்கும் அவர்தம் பெரும்பணி தொடர்ந்தது. அவ்வீட்டார் ஒன்றுகூடிப் படிக்கும் வழக்கத்தை ஒரு தலைமுறைக்கு முன்னரே கைவிட்டிருந்தால், ஐயர் தட்டியபோது அந்தக் கதவுக்குப் பின்னால் ஏடு இருந்திருக்கலாம். விடை சொல்லும் நா இருந்திராது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், தென்காசியிலிருந்து சங்கரன்கோவில் வழியாகக் கழுகுமலையை அடையலாம். அங்கே மலைப்பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள், 8, 9ஆம் நூற்றாண்டுகளில் அம்மலை ஒரு கல்விச்சாலையாக விளங்கியதைக் காட்டுகின்றன. ஆசிரியர் பெயர்களும் மாணாக்கர் பெயர்களும் அங்கு உள்ளன. குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் இருந்தனர். சித்தாந்தம் உரைக்கும் துறவியர்க்கு உணவளிக்க விடப்பட்ட அறக்கொடையும் அங்குப் பொறிக்கப்பட்டுள்ளது. உரைப்பவர்க்கு உணவு, கேட்பவர்க்கு அறிவு. ஆகாரம், அபயம், மருந்து, சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் இரண்டு அந்த மலையடியில் ஒன்றாகக் கைகோத்து நின்றன.

ஆகவே, வாரந்தோறும் உணவோடு கூடிக் கேட்கும் வழக்கம் தமிழ்ச் சமணர்க்குப் புதிதன்று. பழைய அறத்தின் புதிய வடிவமே. அதிலும் காலை வேளை அவர்களுக்கு மிகவும் பொருத்தமானது. சங்கக் கூட்டங்கள் பெரும்பாலும் இரவு விருந்தோடு முடிகின்றன. இரவுண்ணா நோன்புடைய சிராவகர் அங்கே வெறுங்கையுடன் அமர்ந்திருப்பார். அல்லது நொண்டிச் சாக்குக் கூறி முன்னதாகவே எழுந்து செல்வார். கதிரவன் எழுந்த பின் நடைபெறும் சிற்றுண்டிக் கூட்டத்தில் அவருக்கு அத்தகைய சங்கடம் இல்லை. இட்டலியும் வெண்பொங்கலும் எவர்க்கும் பொது. வெங்காயமும் கிழங்கும் இல்லாமல் சமைப்பது கடினமும் அன்று. நோன்பைக் கைவிடாமலே ஊராரோடு ஒரே பந்தியில் அமரலாம்.

இனி, இதை எங்கே தொடங்குவது? பெருநகரத்துக்கு மட்டுமே இது உரியது என்று எண்ண வேண்டா. அச்சன்புதூர் போன்ற ஊரில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மழையையும் குளத்து நீரையும் நம்பி நெல் விளைவித்த முதியவர் அறிந்தது எந்த நூலில் இருக்கிறது? நாற்பது ஆண்டுகள் மருந்துக்கடை நடத்தியவர், மகப்பேறு பார்த்த செவிலி, நிலப்பத்திரங்களைப் படித்துப் பழகிய எழுத்தர், மரத்தைத் தட்டிப் பார்த்தே மதிப்பிடும் தச்சர் ஆகியோரிடம் ஒரு மணி நேரம் கேட்கத்தக்க செய்தி இல்லையா? அவர்கள் மேடையேறியதில்லை, ஏனெனில் அவர்களை எவரும் அழைத்ததில்லை.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து வேலையின் பொருட்டு வெளியூர் சென்று வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு இது இன்னும் அவசரமானது. ஜினாலயத்தை அடுத்த வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன. மணிப்பிரவாள நடையிலுள்ள ஸ்ரீபுராணத்தைத் தடையின்றிப் படித்துப் பொருள் சொல்லும் பெரியவர்கள் முதுமையடைந்து வருகின்றனர். பேரப்பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை. ஒருங்கே அமரும் வேளைதான் இல்லை. ஆண்டுக்கு ஒரு விழாவில் ஒலிபெருக்கியின் முன் கேட்பது நெஞ்சில் நிற்பது அரிது. வாரந்தோறும் கேட்பது பழக்கமாகும். பழக்கமே வழிவழியாக வரும்.

அதற்கு வேண்டுவன மிகச் சிலவே. மாறாத ஒரு நாள். பத்துப் பேர் அமரும் ஒரு கூடம். வீடுகள் முறைவைத்து அளிக்கும் எளிய சிற்றுண்டி. முப்பது நிமிடப் பேச்சு. அதே அளவு கேள்விகள். ஒரு வாரம் நூலறிந்தவர் பேசினால், மறுவாரம் தொழிலறிந்தவர் பேசட்டும். பெண்கள் சமையலறையில் நின்றுவிடாமல் அவையில் அமரட்டும், அவர்களும் பேசட்டும். கழுகுமலைக் குரத்தியரை நினைப்பவர்க்கு அது புதுமையாகத் தோன்றாது. பேசியதை இளைஞர் ஒருவர் குறிப்பேட்டில் எழுதிவைக்கட்டும். தொழிற்பரிந்துரையும் நடக்கட்டும், அது இலையின் ஓரத்தில் வைக்கும் உப்பைப் போல் அளவோடு அமையட்டும்.

மூன்றாம் வாரத்தில் நால்வரே வருவர். அப்போதும் கூட்டம் நடைபெற வேண்டும். அந்த நால்வருக்காக அடுப்பு மூட்டப்படும் வீட்டின் கதவைத்தான், விடை தேடி அலையும் ஒருவர் என்றேனும் ஒரு நாள் வந்து தட்டுவார். அப்போது உள்ளே பேசுவதற்கு ஆள் இருக்க வேண்டும்.